எதனால் ஒக்கும்?

விளாத்திகுளத்தை அடுத்த கரிசல் சிற்றூர்ப் பள்ளி ஒன்றில் நான் பணியாற்றிய காலம். உவமையணியை நடத்தி முடித்திருந்தேன். ‘முத்துப் போன்ற பல்’ என்னும் தொடர் கரும்பலகையில் இருந்தது. உவமை முத்து; உவமேயம் பல்; உவம உருபு போன்ற. வகுப்பு முழுவதும் பார்த்து எழுதிக்கொண்டது. கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, “ஐயா, வேப்பமுத்து மாதிரியா?” என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். “கடல்முத்தும்மா, உட்கார்” என்று சொல்லிவிட்டு அடுத்த அணிக்குச் சென்றேன்.

அன்று அந்த வகுப்பில் கேட்கப்பட்ட ஒரே இலக்கியக் கேள்வி அதுதான் என்பதை உணர எனக்குப் பல ஆண்டுகள் ஆயின.

ஆனி, ஆடி மாதங்களில் கரிசற் காட்டுப் பிள்ளைகள் வேப்பமரத்தடியில் பழம் பொறுக்குவார்கள். சதையைக் கழுவி நீக்கி, விதையை வெயிலில் உலர்த்திக் கடையில் போட்டுக் காசு பெறுவார்கள். அந்த விதைக்கு எங்கள் பக்கத்தில் வேப்பமுத்து என்று பெயர். ஆமணக்கு விதையும் முத்துதான். அம்மை கண்டவர் உடலில் எழும் கொப்புளமும் முத்துதான். அந்த மாணவி கையால் அள்ளியிருந்த முத்து ஒன்று இருந்தது. நான் கரும்பலகையில் எழுதிய முத்தை அவள் கண்டதில்லை.

கடல் ஒன்றும் தொலைவில் இல்லை. விளாத்திகுளத்தின் ஓரமாகச் செல்லும் வைப்பாறு கிழக்கே ஓடிக் கடலில் கலக்கிறது. கரையில் வேம்பார், வைப்பார் என்னும் ஊர்கள். தெற்கே தூத்துக்குடி; அதற்கும் தெற்கே, இன்று கடல் விலகிப் போய் உள்நாட்டுச் சிற்றூராகிவிட்ட கொற்கை. பாண்டியரின் அந்தப் பழந்துறையின் முத்தைச் சங்கப் புலவர்கள் பாடியிருக்கிறார்கள். அவர்கள் பல்லுக்கு முத்தை உவமித்தபோது, கேட்டவர்களின் கண்முன் ஒரு பொருள் இருந்தது. தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. இப்பாடத்தைப் படிக்கும் உங்களுக்கு மட்டுமன்று, உங்கள் பெற்றோருக்கும் அது கேள்விச் செய்தியே. முத்து கடலிலிருந்து போன பின்னும் ‘முத்துப் போன்ற’ என்பது நம் பாடநூலில் தங்கியிருக்கிறது.

தொல்காப்பியர் உவமவியலில், ஒரு பொருள் மற்றொன்றோடு ஒப்பதற்கான வகைகள் நான்கு என்கிறார்: வினை, பயன், மெய், உரு. செயலால் ஒப்பது வினை; விளையும் நன்மையால் ஒப்பது பயன்; வடிவால் ஒப்பது மெய்; நிறத்தால் ஒப்பது உரு. உவம உருபுகளை எண்ணுவதற்கு முன்பே அவர் இதைச் சொல்லிவிடுகிறார். அதாவது அவர் எழுப்பும் முதல் வினா ‘இது என்ன அணி?’ என்பதன்று, ‘எதனால் ஒக்கும்?’ என்பதே.

அந்த வினாவைக் கையில் வைத்துக்கொண்டு முத்தையே மறுபடி பாருங்கள். பல்லை முத்து என்றால் அங்கே முன்னிற்பது வெண்மையும் ஒளியும், எனவே உரு. ‘முத்து முத்தான கையெழுத்து’ என்று உங்கள் விடைத்தாளைப் பாராட்டும்போது நிறத்துக்கு அங்கே வேலையில்லை. மை நீலமாகத்தான் இருக்கிறது. ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியே உருண்டு திரண்டு நிற்பதைச் சொல்கிறோம், எனவே மெய். நெற்றியில் வியர்வை முத்து முத்தாக அரும்பியது என்பதும் மெய்யே. அறுந்த மாலையின் முத்துகள் போலக் கண்ணீர் உதிர்ந்தது என்றால், ஒன்றன்பின் ஒன்றாக விழும் அந்தச் செயலே ஒப்புமை, எனவே வினை. ‘முத்தான பிள்ளை’ என்று ஒரு பாட்டி தன் பேரனைக் கொஞ்சினால் அவன் நிறமும் வடிவமும் அவளுக்குப் பொருட்டல்ல. கருநிறப் பிள்ளையையும் அவள் அப்படித்தான் அழைப்பாள். கிடைத்தற்கரிய செல்வம் என்பதே அவள் கருதியது. முத்து ஒன்றுதான், ஒவ்வொரு முறையும் அதன் வேறொரு பக்கம் நம்மை நோக்கித் திரும்புகிறது. இதைக் கண்டுகொள்வதே உவமையைப் படிப்பது என்பது என் கருத்து. மற்றதெல்லாம் பெயரிடுவது.

ஆனால் தேர்வில் நாம் கேட்பது என்ன? அணி விளக்கம், சான்று, அணிப்பொருத்தம் என மூன்று பகுதிகள். பொருத்தம் என்ற தலைப்பின்கீழ் உவமை எது, உவமேயம் எது, உவம உருபு எது என மூன்று வரிகள். உவமைக்கு உறுப்பு நான்கு என்றே இலக்கணம் சொல்கிறது. நான்காவது, இரண்டுக்கும் உரிய பொதுத்தன்மை. விடைத்தாள்களில் பெரும்பாலும் விடுபடுவது அதுதான். சிந்திக்காமல் எழுத முடியாத உறுப்பும் அது ஒன்றுதான். முத்தையும் பல்லையும் பார்த்தறியாத ஒருவரும் மற்ற மூன்றையும் பிழையின்றி எழுதிவிடலாம். பாடநூற் குழுவில் அமர்ந்து அத்தகைய கட்டங்களை வரைந்தவர்களில் நானும் ஒருவன் என்பதால், இதைப் பிறர்மேல் வைத்த குற்றமாகக் கொள்ள வேண்டா.

ஆங்கிலப் பாடவேளையில் இன்னொரு குழப்பம் காத்திருக்கிறது. ‘லைக்’, ‘ஆஸ்’ என்னும் சொற்கள் வந்தால் சிமிலி. வராவிட்டால் மெட்டஃபர் என்று அங்கே கற்கிறீர்கள். அந்த விதியோடு அடுத்த வேளையில் தமிழ் வகுப்புக்கு வந்தால் ‘முத்துப்பல்’ என்ற தொடரை என்னவென்பீர்கள்? ‘போன்ற’ இல்லை, எனவே உருவகம் என்றுதான் சொல்லத் தோன்றும். தமிழிலக்கணம் அதை உவமைத்தொகை என்கிறது. உருபு மறைந்திருக்கிறது, இல்லாமற் போகவில்லை. சொற்களை இடம் மாற்றிப் ‘பல்முத்து’ என்றால்தான் உருவகம். மலரடி உவமை, அடிமலர் உருவகம். முன்னதில் அடியைப் பார்க்கிறோம், மலர் நினைவுக்கு வருகிறது. பின்னதில் அடி மலராகவே ஆகிவிடுகிறது. ஓர் இடமாற்றத்தால் இவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்கும் வசதி நம் மொழியின் தொகைகளுக்கு உண்டு. ஆங்கிலப் பெயரைத் தமிழ்ப் பெயருக்கு நேராக எழுதிய அட்டவணைகள் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றில் இந்த வேறுபாட்டைத் தேடினால் கிடைக்காது.

மோனையை அலிட்டரேஷன் என்றும், தற்குறிப்பேற்றத்தைப் பெர்சானிஃபிகேஷன் என்றும் அவ்வட்டவணைகள் பெயர்க்கும். ‘ச’வுக்குத் ‘த’வும் ‘ம’வுக்கு ‘வ’வும் மோனையாகும் நம் முறையை அந்தப் பெயர் தாங்காது. தற்குறிப்பேற்றத்திலும் அப்படியே. சிலப்பதிகாரத்தில் மதுரையின் மதிற்கொடிகள் காற்றில் அசைகின்றன. கோவலனும் கண்ணகியும் வந்தாலும் வராவிட்டாலும் அவை அசையும். இயல்பாக நிகழும் அந்த அசைவுக்கு, வரவேண்டா என்று தடுப்பதாக ஒரு காரணத்தைப் புலவர் தம் குறிப்பாக ஏற்றுகிறார். கொடிக்குக் கை முளைத்தது என்பது மட்டும் அங்கே செய்தியன்று. நடக்கப்போவதை அறிந்த புலவரின் பதைப்பு காற்றின்மேல் ஏற்றப்பட்டிருப்பதே செய்தி.

இவ்வளவும் சொல்வதால் அணிப்பெயர்களே தேவையில்லை என்கிறேனோ என்று ஐயுற வேண்டா. தண்டியலங்காரம் பொருளணிகள் 35 என்றது. 16ஆம் நூற்றாண்டில் நம் மாவட்டத்து ஆழ்வார்திருநகரியைச் சேர்ந்த திருக்குருகைப் பெருமாள் கவிராயர், நம்மாழ்வார் பெயரால் மாறனலங்காரம் இயற்றிப் பொருளணிகளை 64 ஆக விரித்தார். மாணவர்களுக்கு இந்த எண்கள் அச்சமூட்டலாம். எனக்கும் ஒரு காலத்தில் மூட்டின. இப்போது அப்படித் தோன்றவில்லை. முன்பு ஒன்றாகத் தெரிந்த இடத்தில் இரண்டு இருப்பதை யாரோ ஒருவர் உற்றுப் பார்த்துக் கண்டதால்தான் ஒவ்வொரு புதுப்பெயரும் பிறந்திருக்கிறது. முத்து வணிகர்களும் அப்படித்தான் பெயரிட்டார்கள். துளையளவு வேறுபட்ட பித்தளைச் சல்லடைகளில் முத்துகளைச் சலித்து, பின் உருட்சியையும் ஒளியையும் கண்ணருகே வைத்துப் பார்த்து, குற்றமற்றதை ஆணிமுத்து என்றார்கள். பார்த்த பிறகு வந்த பெயர் அது. நாமோ பெயர்களை மட்டும் பையில் போட்டு உங்களிடம் கொடுத்துவிட்டு, முத்துகளைக் காட்டாமல் விடுகிறோம்.

கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் தம் கவிதையியலில், உருவகத்தைக் கையாளும் ஆற்றலே புலவனுக்குத் தலையாயது என்கிறார். வேறுபட்ட பொருள்களுக்கிடையே ஒப்புமையைக் காண்பதே அது என்றும், பிறரிடமிருந்து கற்றுப் பெறக்கூடியதன்று என்றும் சேர்த்துச் சொல்கிறார். ஆசிரியத் தொழிலில் இருப்பவர்களுக்கு உவப்பான கருத்தன்று இது. புலவராவதைக் கற்பிக்க இயலாதிருக்கலாம். புலவர் எதைக் கண்டார் என்று தேடுவதைக் கற்பிக்க இயலும் என்றே நம்புகிறேன்.

என் கருத்தை உடன் பணியாற்றியோரிடம் சொன்னபோது வந்த மறுப்பு வலிமையானது. ‘எதனால்’ என்று கேட்டால் விடைகள் பலவாகும். பல இலட்சம் விடைத்தாள்களை ஒரே அளவுகோலால் எப்படி மதிப்பிடுவது? மூன்று பகுதிகளையும் மனப்பாடம் செய்து, உறுதியான மதிப்பெண் பெற்று, குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதிக்கும் பிள்ளைகளின் கையிலிருந்து அந்த மதிப்பெண்ணைப் பறிக்கலாமா? அந்தக் கரிசற்காட்டு மாணவியும் அவர்களில் ஒருத்தியே என்பதால் இந்த மறுப்பை நான் எளிதாகத் தள்ளிவிட முடியவில்லை. முழு மதிப்பெண்ணையும் மாற்றச் சொல்லவில்லை. பொதுத்தன்மைக்கு என்று ஒரே ஒரு மதிப்பெண் ஒதுக்கி, பொருந்தக் காரணம் காட்டும் எந்த விடைக்கும் அதை வழங்கலாம் என்கிறேன். ஒரு மதிப்பெண் என்றால் சிறிது. ஆனால் ஒரு மதிப்பெண் இருக்கும் இடத்தில்தான் வகுப்பறை ஐந்து நிமிடமாவது நிற்கும்.

அந்த ஐந்து நிமிடம் அன்று நான் நின்றிருந்தால் அந்த மாணவியிடம் என்ன சொல்லியிருப்பேன் என்று பின்னாளில் எண்ணிப் பார்த்ததுண்டு. ஒருமுறை முற்றத்தில் உலர்த்தியிருந்த வேப்பமுத்து ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். கழுவி உலர்ந்தது வெளிறிய நிறத்தில் இருந்தது; பளபளப்பு இல்லை. உருவால் கடல்முத்தே வெல்லும். உயர்ந்த பொருளையே உவமையாகக் கொள்ள வேண்டும் என்ற மரபுப்படியும் புலவர்கள் கடல்முத்தைத்தான் தேர்ந்திருப்பார்கள். ஆனால் கடல்முத்து உருண்டையானது. மனிதர் பல் உருண்டையன்று. வேப்பமுத்து சற்றே நீண்டு, நுனி குறுகி இருந்தது. மெய்யால் அவள் சொன்னதுதான் பல்லுக்கு நெருங்கியது.