கம்பெனி வக்கீலுக்குப் போடும் மெயில் ரகசியமா? உச்ச நீதிமன்றம் சொன்னது என்ன?

ஒரு நிறுவனத்தின் சர்வர் ஹேக் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஐடி மேலாளர் உடனே கம்பெனியின் சட்டப் பிரிவுக்கு மெயில் போடுகிறார்: "பாஸ்வேர்டு மாற்றச் சொல்லி மூணு மாசமாச்சு, யாரும் மாத்தல." நாளைக்கு வழக்கு என்று வந்தால் இந்த மெயிலைக் கேட்க முடியுமா?

கேட்க முடியும் என்ற நிலைதான் இப்போது.

2025 அக்டோபர் 31-ல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. மூத்த வழக்கறிஞர்கள் அரவிந்த் தாதார், பிரதாப் வேணுகோபால் இருவருக்கும் அமலாக்கத்துறை சம்மன் அனுப்பி, பிறகு திரும்பப் பெற்றது நினைவிருக்கலாம். அந்தச் சர்ச்சையின் போது நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்த வழக்கு இது. கட்சிக்காரருக்குச் சொன்ன ஆலோசனைக்காக வக்கீலை இஷ்டத்துக்குக் கூப்பிடக் கூடாது என்றது தலைமை நீதிபதி கவாய் தலைமையிலான அமர்வு. தலைப்புச் செய்தி ஆனது அந்தப் பகுதிதான். கம்பெனிகளில் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் வக்கீல்களைப் பற்றிய பகுதியைப் பலரும் கவனிக்கவில்லை.

வக்கீலிடம் சொன்னது ரகசியம் என்ற பாதுகாப்பு, பாரதிய சாக்ஷிய அதிநியம் 132-வது பிரிவில் இருக்கிறது. அது நீதிமன்றத்தில் வாதாடும் வழக்கறிஞர்களுக்கு மட்டும். முழுநேரச் சம்பளத்தில் இருப்பவர் வாதாட பார் கவுன்சில் விதி அனுமதிப்பதில்லை. சட்டம் படித்திருந்தாலும், முதலாளியைச் சார்ந்திருப்பவர் சுதந்திரமான வழக்கறிஞர் ஆக மாட்டார் என்பது நீதிமன்றத்தின் வாதம்.

கொஞ்சம் நிழல் 134-வது பிரிவில் கிடைக்கிறது. கம்பெனி வக்கீல், நிறுவனத்தின் வெளி வழக்கறிஞரோடு பேசியதற்குப் பாதுகாப்பு உண்டு. நிர்வாகமும் கம்பெனி வக்கீலும் தங்களுக்குள் பேசியதற்குக் கிடையாது. ஆனால் அன்றாட வேலையில் முக்கால்வாசி நடப்பதே அங்கேதானே!

லேப்டாப், செல்போன் விஷயமும் இருக்கிறது. வழக்கறிஞரின் சாதனத்தை நீதிமன்றத்தில்தான் ஒப்படைக்க வைக்க வேண்டும், சம்பந்தப்பட்டவர் முன்னிலையில்தான் திறக்க வேண்டும், மற்ற கட்சிக்காரர்களின் தகவல் வெளியே போகக் கூடாது என்றது தீர்ப்பு. கம்பெனி வக்கீலின் மெயில் இருப்பதோ நிறுவனத்தின் சர்வரில்.

இதில் நேரம்தான் பெரிய சிக்கல். சைபர் தாக்குதல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன் அமைப்புக்குச் சொல்ல வேண்டும். இது 2022 முதல் உள்ள உத்தரவு. 2025 நவம்பரில் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிகளின்படி, தரவு கசிந்தால் வாரியத்துக்கும் பாதிக்கப்பட்டவர்களுக்கும் தாமதிக்காமல் தகவல் போக வேண்டும். 72 மணி நேரத்தில் வாரியத்துக்கு விரிவான அறிக்கை தர வேண்டும். அறிவிப்பு வந்து 18 மாதம் கழித்து இது அமலாகும். பாதுகாப்பில் கோட்டை விட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை.

அந்த 6 மணி நேரத்தில் எங்கே தப்பு நடந்தது என்று உள்ளே எல்லோரும் மெயிலும் வாட்ஸ்அப்பும் எழுதித் தள்ளுவார்கள். எழுதாமல் கண்டுபிடிக்கவும் முடியாது. அதனால், விசாரணையைத் தொடக்கத்திலேயே வெளி வழக்கறிஞர் வழியாக நடத்துவதுதான் நிறுவனங்களுக்கு இருக்கும் வழி. பெரிய வங்கிக்கு இது ஒரு போன் கால். ஒரே ஒரு சட்ட அதிகாரியை வைத்து ஓடும் ஸ்டார்ட்அப், ராத்திரி 2 மணிக்கு வெளி வழக்கறிஞரை எங்கே தேடும்?