கழற்றி மாட்டுவதற்குப் பெயர் ரிப்பேரா?

போன ஐப்பசியில் திருமங்கலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு இரவில் மதுரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். கப்பலூர் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. என் பக்கத்துக் கார் கண்ணாடி பாதியில் நின்றுவிட்டது. ஸ்விட்சை எத்தனை முறை இழுத்தும் ஏறவில்லை. ஓரமாக நிறுத்திக் கதவைத் திறந்து மூடியபோது ஒரே ஒரு தடவை நாலு விரற்கடை ஏறியது, அத்தோடு சரி. பழங்காநத்தம் வருவதற்குள் பட்டு வேட்டி தொப்பலாக நனைந்துவிட்டது.

மறுநாள் ஒரு சர்வீஸ் சென்டருக்குப் போனேன். பேர் வேண்டாம். மடிப்புக் கலையாத சட்டை போட்ட தம்பி ஸ்விட்சை இரண்டு தடவை தட்டிப் பார்த்தார். "மோட்டார், ரெகுலேட்டர் ரெண்டும் அசெம்பிளியா மாத்தணும் சார். எட்டாயிரத்து அறுநூறு ஆகும்."

"கதவு பேடைக் கழற்றவே இல்லையே தம்பி, எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"இந்த கம்ப்ளெயிண்டுக்கு அதைத்தான் சார் மாத்துவோம்."

இந்தப் பதில்தான் எனக்கு ஜீரணமாகவில்லை. கதவைத் திறந்து மூடியபோது ஏறியதைச் சொன்னேன்; அவர் காதில் வாங்கவில்லை.

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். தெகார்த் 1637-இல் எழுதிய 'முறைமை பற்றிய உரை'யை எங்கள் வாத்தியார் மண்டையில் ஏற்றியிருந்தார். தெளிவாகத் தெரியாததை உண்மை என்று ஏற்காதே, சிக்கலைத் துண்டு துண்டாகப் பிரி, எளியதிலிருந்து தொடங்கு, எதையும் விடாமல் சரிபார். பிறகு குமாஸ்தாவாக முப்பது வருஷத்துக்கு மேல் நான் செய்ததும் அதுதான். கோப்பு நகரவில்லை என்றால் எந்த மேஜையில் நிற்கிறது என்று தேடுவோம். ஆபீஸையே மாற்றச் சொல்ல மாட்டோம்.

பவர் விண்டோவும் ஒரு கோப்பு மாதிரிதான். பேட்டரியில் புறப்படும் மின்சாரம் ஃபியூஸ், ஸ்விட்ச், வயர், மோட்டார் என்று மேஜை மேஜையாகப் போகிறது. கடைசியில் ரெகுலேட்டர் கண்ணாடியைத் தூக்குகிறது.

எல்லாக் கண்ணாடியும் ஒரே நேரத்தில் நின்றால் ஃபியூஸ், ரிலேயைப் பாருங்கள். டிரைவர் கண்ணாடி மட்டும் வேலை செய்து மற்றவை நின்றால், குழந்தைகளுக்காக வைத்த லாக் பட்டனை யாரோ அழுத்தியிருக்கலாம். ஒரு கண்ணாடி மட்டும் மக்கர் செய்தால், அந்தக் கதவு ஸ்விட்சிலும் டிரைவர் பக்க ஸ்விட்சிலும் போட்டுப் பாருங்கள். ஒன்றில் வேலை செய்து மற்றதில் செய்யாவிட்டால் மோட்டார் மேல் பழி போடக் கூடாது.

பிறகு காது. மோட்டார் சத்தம் கேட்டும் கண்ணாடி அசையாவிட்டால் ரெகுலேட்டர் கேபிளோ கிளிப்போ போயிருக்கும். சத்தமே இல்லையா? இஞ்சினை ஓடவிடாமல், உள் விளக்கைப் போட்டுக்கொண்டு ஸ்விட்சை இழுங்கள். விளக்கு லேசாக மங்கினால் மின்சாரம் மோட்டார் வரை போகிறது, மோட்டாரோ கண்ணாடியோ இறுகிப்போயிருக்கிறது. மங்கவே இல்லை என்றால் வழியில் எங்கோ அறுந்திருக்கிறது. மெதுவாக ஏறினால், ரப்பர் பள்ளத்தில் நம் ஊர்ப் புழுதி அடைத்திருக்கும். துடைத்து சிலிக்கான் ஸ்பிரே அடித்தால் பல நேரம் போதும். கிரீஸ் தடவாதீர்கள், இன்னும் புழுதி ஒட்டும். ஃபியூஸ் அடிக்கடி போகிறதே என்று பெரிய ஃபியூஸைப் போடுவது அதைவிட ஆபத்து, வயர் எரியும்.

தெருமுனை ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனேன். என் மகன் வயசு. நான் சொன்னதை முழுசாகக் கேட்டார். "கதவை அசைச்சா வேலை செய்யுதா? அப்ப வயருதான்யா" என்றார். கதவுக்கும் பாடிக்கும் நடுவில் ஒரு ரப்பர் குழாய் இருக்கிறதல்லவா, அதைப் பிதுக்கிக் காட்டினார். உள்ளே ஒரு வயர் அறுந்து, முனைகள் தொட்டும் தொடாமலும் இருந்தன. அதிகம் திறந்து மூடுவது டிரைவர் கதவுதானே, மடங்கி மடங்கி அறுந்திருக்கிறது. ஒரு துண்டு வயர் சேர்த்து ஈயம் வைத்துச் சுற்றினார். முந்நூறு ரூபாய். இன்றுவரை கண்ணாடி ஒழுங்காக ஏறி இறங்குகிறது. அசெம்பிளியை மாற்றியிருந்தால் எட்டாயிரத்து அறுநூறும் போய், அறுந்த வயர் அறுந்தபடியே இருந்திருக்கும்.

"மணிக்கணக்காகத் தேடினால் கூலி கட்டாது, மாற்றினால் வாரண்டி உண்டு" என்பார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. மோட்டாரே எரிந்திருந்தால், கேபிள் பிரிந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும், நானே கொடுப்பேன். ஆனால் தேடுவதற்குக் கூலி கேளுங்கள். தேடாமலேயே தீர்ப்புச் சொல்லாதீர்கள். மோட்டார் முனையில் டெஸ்ட் லைட்டை வைத்துப் பார்க்க எவ்வளவு நேரமாகும்?

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022-இல் பழுது நீக்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளம் தொடங்கியது. வாகனங்களும் அதில் உண்டு. ஆனால் அது தகவல் தரும், நமக்காகக் கேள்வி கேட்காது. கேள்வியை நாம்தான் கேட்க வேண்டும்.

பென்ஷன்காரர்களுக்கு என் வேண்டுகோள் மூன்று. என்ன சோதனை செய்தீர்கள் என்று கேளுங்கள். பதிலை எஸ்டிமேட் தாளில் எழுதி வாங்குங்கள். மாற்றினால் பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். மறுத்து, பில்லில் தகராறும் வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. வயசானவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்ற நினைப்பில்தான் அந்த எட்டாயிரத்து அறுநூறு பிறக்கிறது.