நினைவகம் எங்கே போயிற்று?

ஆண்டு மலர்க் குழுவினர் இயற்பியல் துறையிலிருந்து கட்டுரை கேட்டபோது, அணுவைப் பற்றியோ அண்டத்தைப் பற்றியோ எழுதித் தருவேன் என்று எதிர்பார்த்திருப்பர். நான் எழுதப்போவது அரைச் சாணுக்குச் சற்றே மிகுந்த ஒரு பச்சை அட்டையைப் பற்றி. கணிப்பொறியினுள் செருகப்படும் நினைவக அட்டைதான் அது. இதில் எழுத என்ன இருக்கிறது என்று எண்ணுவோர் அடுத்த பக்கத்துக் கவிதைக்குச் சென்றுவிடலாம், எனக்கு வருத்தமில்லை.

நம் கல்லூரியில் இளம் அறிவியல் இறுதியாண்டு பயிலும் மாணவி ஒருவர், மாமல்லபுரத்தை அடுத்த கடலோரக் குப்பம் ஒன்றிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக நாள்தோறும் பேருந்தில் வருபவர். திட்டக் கட்டுரைக்குக் கணிப்பொறி வேண்டும் என்று கேட்டதற்கு, அவர் தாயார் மகளிர் குழுவில் கடன் எடுத்துப் பழைய பொறி ஒன்றை வாங்கிக் கொடுத்தார். அதில் லினக்ஸ் இயக்குதளம். 4 ஜிபி நினைவகம் போதவில்லை என்று இன்னொரு 4 ஜிபி அட்டையும் வாங்கிச் செருகினார்கள். பொறியோ ஏறத்தாழ 3 ஜிபி மட்டுமே இருப்பதாகக் காட்டியது. வாங்கிய கடைக்கும் வேறொரு கடைக்கும் எடுத்துச் சென்றார்கள். அட்டையை மாற்றிப் பார்த்தார்கள், அதே 3. "போர்டு போயிடுச்சும்மா, புதுசா ஒண்ணு எடுத்துக்கோ" என்று சொல்லிவிட்டார்கள்.

புதிதாக எடுப்பது அவ்வளவு எளிதா? 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்து, செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டதால், உலகெங்கும் அவற்றின் விலை ஏறிற்று. நம் மாவட்டத்துச் சிறுசேரியிலேயே அத்தகைய தரவு மையங்கள் நிற்கின்றன. அங்கே அடுக்கடுக்காக நினைவகம். இங்கே ஒரு தாயார் பழைய கடனின் தவணை முடியுமுன் இரண்டாவது கடனுக்குக் கையெழுத்திட வேண்டும். "திட்டக் கட்டுரையை வேறு யாருடனாவது சேர்ந்து எழுதிக்கொள்கிறேன் சார், கணிப்பொறி வேண்டாம்" என்று அந்த மாணவி சொன்னபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. பொறியைக் கொண்டுவரச் சொன்னேன். பழைய சேலையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு, காலைப் பேருந்தில் கொண்டுவந்தார்.

பெட்டியைத் திறக்குமுன் பொறியையே கேட்க வேண்டும் என்பது என் கொள்கை. லினக்ஸிடம் எனக்குப் பிடித்ததே, கேட்டால் மறைக்காமல் சொல்லும் அதன் குணம். (கட்டளைகளை இங்கே ஒலிபெயர்த்திருக்கிறேன், விசைப்பலகையில் ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும்.) 'ஃப்ரீ' என்ற கட்டளை, இயக்குதளத்தின் கைக்கு எவ்வளவு நினைவகம் வந்தது என்று சொல்லும். 'டிஎம்ஐடீகோட்' என்பது, எந்தச் செருகியில் எத்தனை ஜிபி அட்டை இருப்பதாகத் தாய்ப்பலகையின் பயாஸ் எழுதி வைத்திருக்கிறது என்று சொல்லும். டி, எம், இ, எஸ், ஜி என்ற ஐந்தெழுத்துக் கட்டளையோ, பொறி எழுந்தது முதல் இயக்குதளம் குறித்துக்கொண்ட நாட்குறிப்பையே விரிக்கும். அதன் தொடக்கத்தில், பயாஸ் ஒப்படைத்த நினைவக வரைபடம் 'ஈ820' என்ற பெயரோடு இருக்கும்.

ஆக, நாம் கையால் செருகியது ஒரு கணக்கு. பயாஸ் பதிந்தது ஒரு கணக்கு. வரைபடத்தில் ஒப்படைத்தது ஒரு கணக்கு. இயக்குதளம் பயன்படுத்துவது ஒரு கணக்கு. இந்நான்கில் எந்த இரண்டுக்கு நடுவே தொகை குறைகிறதோ அங்கேதான் கோளாறு. முதலிரண்டுக்கு நடுவே குறைந்தால் அட்டை, செருகி, அல்லது செயலி அமர்ந்துள்ள இடம் ஆகியவற்றில் ஒன்று பழுது. (நினைவகத்தைக் கட்டுப்படுத்தும் சுற்று இப்போதெல்லாம் செயலிக்குள்ளேயே இருப்பதால், செயலியின் கீழே ஓர் ஊசி வளைந்தாலும் ஓர் அட்டை முழுதும் மறைந்துபோகலாம்.) பிந்தைய படிகளில் குறைந்தால் பயாஸின் அமைப்புகளையோ இயக்குதளத்தையோ பார்க்க வேண்டும். கடைக்காரர் பார்த்தது கடைசிக் கணக்கை மட்டுமே.

நமக்கு இது புதிய வழியுமன்று. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பத்தருகே மணலை அரித்துச் சென்றபின், பாறையில் கல்வெட்டுகள் தெரிந்தன. இங்கே ஒரு கோயில் உண்டு என்று கல்வெட்டு சொல்கிறது. கண்ணுக்கோ மணல்தான் தெரிகிறது. எழுதியிருப்பதை நம்பி 2005இல் தொல்லியல் துறையினர் தோண்டினர். பல்லவர் காலக் கருங்கல் கட்டுமானமும் அதன் கீழே அதனினும் பழைய செங்கல் கட்டுமானமுமாக முருகன் கோயில் வெளிப்பட்டது. எழுத்தையும் தரையையும் ஒப்பிட்டுப் பார்த்ததால் கிடைத்த கோயில் அது.

நம் பொறியின் கல்வெட்டு என்ன சொல்லிற்று? இரண்டு செருகிகளில் ஒன்றில் 4 ஜிபி, மற்றதில் அட்டையே இல்லை என்றது! ஆனால் அட்டை அங்கே செருகப்பட்டுத்தான் இருந்தது. மின்னிணைப்பைத் துண்டித்து, இரும்புச் சட்டத்தைத் தொட்டு உடலின் நிலைமின்னை இறக்கிவிட்டு, அட்டையைக் கழற்றினோம். பொன்முலாம் பூசிய தொடுமுனைகளில் பச்சை படர்ந்திருந்தது, செருகிக்குள் நுண்மணல்.

கடற்கரை ஊரார்க்கு இதில் வியப்பில்லை. சன்னல் கம்பியும் மிதிவண்டிச் சங்கிலியும் அங்கே எத்தனை நாள் தாங்கும் என்று அவர்களுக்குத் தெரியும். பொன் துருப்பிடிக்காது என்பது மெய்யே. ஆனால் பூச்சு மிக மெல்லியது. அதிலுள்ள நுண்துளைகள் வழியே உப்பும் ஈரமும் புகுந்து அடியிலுள்ள செம்பை அரிக்கின்றன. கடற்கரைக் கோயிலின் கல்லிலிருந்தே உப்பை இழுக்கத் தொல்லியல் துறையினர் காகிதக் கூழை அப்பி எடுக்கிறார்கள் என்றால், இந்த மெல்லிய பூச்சு எம்மாத்திரம்? கடலோர அரிப்பை ஆராயவென்றே காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருக்கிறது. இவ்வளவு அறிவு நாட்டில் இருந்தும், கணிப்பொறியைத் துடைத்துப் பாருங்கள் என்று கடலோர வீட்டுக்கு யாரும் சொல்வதில்லை.

துடைப்பதிலும் ஒரு செய்தி. அழிரப்பரால் தேய்ப்பது நம் ஊர் வழக்கம். பளிச்சென்று ஆகும்; ஆனால் பூச்சும் சிறிது தேய்ந்து போகும், ரப்பர்த் துகள் செருகியில் விழும். வேதியியல் துறையிலிருந்து ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் சிறிது வாங்கி, மெல்லிய துணியில் தொட்டுத் துடைத்தோம். வாயால் ஊதுவதும் கூடாது. எச்சிலின் ஈரம் போதும், மறுபடி பச்சை பிடிக்க. பிறகு ஓர் அட்டையை மட்டும் ஒரு செருகியில், அடுத்ததில், பின் மற்ற அட்டையை அவ்வாறே என்று நான்கு முறை எழுப்பிப் பார்த்தோம். நான்கிலும் பயாஸ் அட்டையைக் கண்டுகொண்டது. அட்டைகள் நல்லவை, செருகிகளும் நல்லவை. இரண்டையும் போட்டுப் பொறியை எழுப்பினோம். 'டிஎம்ஐடீகோட்' இப்போது 4, 4 என்று காட்டிற்று.

மகிழ்ச்சியோடு 'ஃப்ரீ' என்று அடித்தார் மாணவி. மறுபடியும் அதே 3.

அவர் முகம் வாடிற்று. உண்மையைச் சொன்னால், என் முகமும்தான். முதல் குறையைக் கண்ட களிப்பில் நாட்குறிப்பை மேற்கொண்டு படிக்காமல் விட்டது என் பிழை. இப்போது படித்தோம். வரைபடத்தில் முழு 8 ஜிபியும் ஒப்படைக்கப்பட்டிருந்தது. அதன் கீழே ஓரிடத்தில், 4 ஜிபி வரையிலான முகவரிகளை மட்டுமே பயன்படுத்துவேன், மிகுதி வேண்டுமானால் வேறு வகைக் கருவகத்தை நிறுவுக என்று இயக்குதளம் தெளிவாக எழுதியிருந்தது. எழும்போதெல்லாம் எழுதியிருக்கிறது, படிப்பாரில்லை!

'யூநேம்' கட்டளை அதை உறுதிசெய்தது. யாரோ பழைய 32 பிட் லினக்ஸை நிறுவியிருக்கிறார்கள். 32 பிட் என்றால் 429,49,67,296 கதவிலக்கங்கள். அதாவது 4 ஜிபி. அந்த இலக்கங்களில் மேல்வரிசையைத் திரை, வலையமைப்பு முதலிய உறுப்புகள் முன்பதிவு செய்துகொள்ளும். எஞ்சியதே நினைவகத்துக்கு; ஆகவேதான் 4 போட்டாலும் 8 போட்டாலும் 3 சொச்சம். 1995இல் வந்த பென்டியம் புரோ செயலியிலேயே இன்டெல் நிறுவனம் முகவரியை 36 பிட்டாக நீட்டி 64 ஜிபி வரை வழி செய்துவிட்டது. ஆனால் அந்த வழியைப் பயன்படுத்தும் கருவகம் வேண்டும். இந்தப் பொறியில் இருந்தது அதுவன்று. செயலியின் பண்புப் பட்டியலில் 'எல்எம்' என்ற இரண்டெழுத்து இருந்தால் அது 64 பிட்டும் ஓட்டும் என்று பொருள். இருந்தது.

கடைக்காரர் ஏன் தோற்றார் என்பது இங்கேதான் விளங்கும். குறைகள் இரண்டு, ஒன்றை மற்றொன்று மறைத்தது. அட்டையை மாற்றினாலும் எண் மாறாது. ஏனெனில் 32 பிட் தடுக்கிறது. இயக்குதளத்தை மட்டும் மாற்றியிருந்தாலும் 8 வந்திராது. ஏனெனில் ஓர் அட்டை இணைப்பிலேயே இல்லை. ஒவ்வொன்றாகச் செய்து, பலனில்லை என்று அதைக் கைவிட்டு அடுத்ததற்குப் போனால், முடிவில் எஞ்சுவது 'போர்டு போயிடுச்சு' என்பதுதான். அவரை நான் வஞ்சகர் என்று சொல்லமாட்டேன். தேடுவதற்கு யாரும் அவருக்குக் கூலி தருவதில்லை, விற்பதற்குத்தான் தருகிறார்கள்.

திட்டக் கட்டுரைக் கோப்புகளைப் படியெடுத்துவிட்டு 64 பிட் லினக்ஸை நிறுவினோம். காலை முதல் உணவு இடைவேளை வரை மெம்டெஸ்ட் சோதனையை ஒரு சுற்று ஓட்டி, பிழையில்லை என்று கண்டோம். 'ஃப்ரீ' 7.6 என்றது. "மீதி எங்கே சார்?" என்றார் மாணவி. அன்று என்னை மிகவும் மகிழ்வித்த கேள்வி அதுதான். தனித் திரை அட்டை இல்லாத பொறியில் திரைக்கான பங்கு பொது நினைவகத்திலிருந்தே போகிறது; கருவகமும் தனக்கென்று சிறிது ஒதுக்கிக்கொள்கிறது. அது களவன்று, செலவு.

எல்லாப் பொறியும் இப்படித் தேறிவிடும் என்று நான் சொல்லவில்லை. இன்டெல் 945 வரிசைச் சில்லுத் தொகுதியுள்ள பலகைகளில் முகவரி எல்லையே 4 ஜிபிதான். எந்த லினக்ஸைப் போட்டாலும் 3 சொச்சத்துக்கு மேல் வராது. சில பலகைகளில் நினைவக மறுவரைவு என்னும் பயாஸ் அமைப்பு அணைந்து கிடக்கும், போட்டுவிட்டால் போதும். எப்போதோ யாரோ தொடக்கக் கட்டளையில் 'மெம்' என்று எல்லை குறித்து மறந்திருப்பதும் உண்டு.

இனி என் கருத்து. நினைவகம் என்றால் என்ன என்று கேட்டால் நம் மாணவர்கள் ஐந்து மதிப்பெண்ணுக்கு அழகாக எழுதுகிறார்கள். தம் பொறியில் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு இயங்குகிறது என்று எண்ணிப் பார்த்தவர் சிலரே. 2011 செப்டம்பர் 15இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த பொறிகளில், விண்டோஸோடு சி-டாக் நிறுவனத்தாரின் 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. அந்தப் பக்கத்தை ஒருமுறையேனும் திறந்தவர் எத்தனை பேர் என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். 2025 அக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டதால், பழைய பொறிகள் பல லினக்ஸுக்கு மாறுகின்றன. நிறுவித் தருபவர் பழைய பொறிதானே என்று 32 பிட்டைப் போட்டுவிட்டால், நல்ல பொறியும் முடமாகிவிடும்.

ஆகவே, ஆண்டுக்கு ஒரு நாள் நம் ஆய்வகப் பொறிகள் அனைத்தின் நினைவகத்தையும் மாணவர்களே எண்ணி, இருப்புப் பதிவேட்டோடு ஒப்பிட வேண்டும் என்கிறேன். கலைப்பிரிவு மாணவர்களும் வரட்டும். கல்வெட்டு படிப்பவர்க்கு இது கடினமன்று. பாடத்திட்டத்தில் இல்லை என்பர் சிலர். மிதிவண்டிக்குச் சங்கிலி மாட்டுவதும்தான் பாடத்திட்டத்தில் இல்லை. பொறியைத் திறந்து கெடுத்துவிட்டால் யார் பொறுப்பு என்ற கேள்வியில் நியாயம் உண்டு. அதற்கு என் விடை: முதற்பாதி வேலைக்குப் பெட்டியைத் திறக்கவே வேண்டியதில்லை.

எங்கள் துறையில் 'கண்டம்' என்று கழிப்பதற்காக ஒதுக்கிய ஐந்து பொறிகளை இம்முறையில் அந்த மாணவியும் வகுப்புத் தோழரும் பார்த்தனர். மூன்று எழுந்து வேலை செய்கின்றன. ஒன்று 945 பலகை, 3 ஜிபியோடு எழுதுபணிக்கு ஆகும். ஐந்தாவது உண்மையிலேயே செத்துவிட்டது. பட்டியலைத் திருத்தி முதல்வர் அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறோம். மாணவி தம் பொறியை அதே சேலையில் சுற்றிக்கொண்டு மாலைப் பேருந்தில் ஊர் திரும்பினார். இம்முறை வைக்கும் இடம் கடல் பார்த்த சன்னலோரம் அன்று என்று சொல்லிச் சென்றார்.