இயந்திரத்தின் கண்ணும் விளக்கின் நிறமும்

அரிசி ஆலைகளில் இன்று ‘கலர் சார்ட்டர்’ எனப்படும் நிறம் பிரிக்கும் இயந்திரம் பரவலாக இயங்கி வருகிறது. கடைகளில் ‘சார்டெக்ஸ் அரிசி’ என்று விற்கப்படுவது இவ்வாறு பிரித்த அரிசியே. அரிசி சரிவான தகட்டில் வழுக்கி விழும்போது காமிரா ஒவ்வொரு மணியையும் பார்க்கிறது. பழுதான மணியைக் காற்று ஊதித் தள்ளிவிடுகிறது.

இந்தக் காமிராவுக்குத் தரம் பிரிக்கும் திறனைத் தருவதில் விளக்கின் நிறத்துக்குப் பெரும் பங்கு உண்டு. மஞ்சள் பாய்ந்த அரிசி நீல ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே நீல விளக்கின் கீழ் வெள்ளை அரிசி பளிச்சென்றும், மஞ்சள் அரிசி கருத்தும் தெரியும். சிவப்பு விளக்கில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும்.

மிளகாய் வற்றலுக்கும் சிவப்பு விளக்கு உதவாது. நல்ல வற்றல், வெளுத்த வற்றல் இரண்டும் அதில் வெளிச்சமாகவே தெரியும். பச்சை விளக்கில் நல்ல வற்றல் கருத்துப்போக, வெளுத்தது தனித்துத் தெரியும். அரிசியில் கலந்த வெள்ளைக் கல், கண்ணாடித் துண்டு போன்றவற்றுக்குக் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளி பயன்படுகிறது.

வீட்டிலுள்ள நீல நிற இரவு விளக்கின் கீழ், மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, ஒரு பிடி பச்சரிசியைத் தட்டில் பரப்பிப் பார்த்தால் இந்த உண்மை எளிதில் விளங்கும்.

நிறம் மங்கல் என்று சொல்லி விவசாயியிடம் விலையைக் குறைப்பது வெறும் கண் பார்வையில் நடக்கிறது. அதே சரக்கு பின்னர் இயந்திரத்தில் பிரிக்கப்பட்டுக் கூடுதல் விலைக்குப் போகிறது. இந்த ஆதாயத்தில் விளைவித்தவருக்கும் பங்கு வேண்டும். சிறு விவசாயி தனியாக இயந்திரம் வாங்க இயலாது. உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் வாங்கி, நியாயமான கூலிக்குப் பிரித்துத் தர முன்வர வேண்டும்.

வாங்கும் முன் தங்கள் பகுதி விளைபொருளில் ஒரு மூட்டையை ஓட்டிக் காட்டச் சொல்வது அவசியம். அரிசிக்கென அமைத்த விளக்கை நம்பி வற்றலைப் போடக்கூடாது. பிரித்தெடுத்த கழிவையும் எடை போட்டு விவசாயியிடமே ஒப்படைக்க வேண்டும்.

ஆயினும் இயந்திரம் பழுதைப் பிரிக்குமே தவிர, பழுதைத் தடுக்காது. ஈர நெல்லைக் குவித்து வைத்தால் சூடேறி உள்ளிருக்கும் அரிசி மஞ்சளாகிவிடும். அறுவடையான நெல்லைத் தாமதமின்றி உலர்த்தி, ஈரப்பதம் 14 சதவீதத்துக்கு மேல் போகாமல் சேமிப்பது விவசாயியின் கையில்தான் இருக்கிறது.