என்ன யோசனை, அம்மா?



போன மாதம் வலிகாமத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. அப்பியாசக் கொப்பியில் கிழித்த இரண்டு தாள்கள், நுணுக்கி எழுதிய எழுத்து. எழுதியவர் ஒரு மகள். அவருடைய அம்மாவுக்கு 68 வயது. நித்திரை வராது, நெஞ்சு அடைக்கும், உடம்பெல்லாம் உளையும், சோறு இறங்காது. ஈசிஜி எடுத்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள், இரத்தம் சோதித்தார்கள். எல்லாம் சரி என்றுதான் துண்டு வந்தது.

கொழும்பில் மகன் வீட்டுக்குப் போயிருந்த நேரம், அங்கே ஒரு மன மருத்துவரிடம் அம்மாவைக் கூட்டிப்போயிருக்கிறார்கள். மருத்துவருக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்குச் சிங்களம் தெரியாது. நடுவில் நின்றவன் 13 வயதுப் பேரன்.

"கவலையா இருக்கோ எண்டு கேக்கிறார், அப்பம்மா."

"எனக்கென்ன கவலை? பிள்ளையள் நல்லா இருக்கினம். ஒரே யோசனை, அவ்வளவுதான்."

பேரன் கொழும்பில் பிறந்து வளர்ந்தவன். யோசனை என்றால் அவனுக்கு ஐடியா. அப்பம்மாவுக்கு நிறைய ஐடியா வருகிறதாம் என்பதுபோல எதையோ சிங்களத்தில் சொல்லி முடித்துவிட்டான். நித்திரைக் குளிசை எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள்.

அந்த அம்மாவின் கடைசி மகனை 2009 வைகாசியில், போரின் கடைசி நாட்களில், வட்டுவாகல் பக்கம் கண்டதாகச் சொல்கிறார்கள். அதற்குப் பிறகு தகவல் இல்லை. "அந்தப் பிள்ளைக்கு முன்னால நின்று அம்மா தம்பியைப் பற்றி என்னத்தைச் சொல்லுவா?" என்று மகள் கேட்டிருந்தார். அந்தக் கேள்வியை வாசித்துவிட்டு வேறு வேலை ஓடவில்லை. இந்த இதழை உளவளத்துணைக்கு ஒதுக்குவதென்று அன்றைக்கே முடிவெடுத்தோம்.

யாழ்ப்பாணத்தில் ஒருவர் "ஒரே யோசனை" என்று சொன்னால் அது என்னவென்று நமக்குத் தெரியும். அடுப்படியில் பால் பொங்கி வழிய, பார்த்துக்கொண்டே நிற்பது யோசனை. படலை சத்தம் கேட்டால் திடுக்கிட்டு எழும்புவது யோசனை. கவலை என்று ஒப்புக்கொண்டால் பிள்ளைகளைக் குறை சொன்னதாகிவிடும். மனம் சரியில்லை என்றால் ஊர் "விசர்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடும். அந்தச் சொல்லுக்குப் பயந்துதான் நம் ஆட்கள் நெஞ்சையும் காலையும் வயிற்றையும் பேசவைக்கிறார்கள். அவர்கள் விடுகிற பெருமூச்சுக்கு ஒரு வாழ்நாள் அர்த்தம் இருக்கிறது. ஆனால் அதை எழுதுவதற்குக் கிளினிக் கொப்பியில் இடம் இல்லை.

இதை முதலில் மருத்துவமாகப் புரிந்துகொண்டவர்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். வடக்கில் உளமருத்துவர்களை விரல்விட்டு எண்ணக்கூடிய காலத்தில், குண்டுவீச்சுக்கு நடுவே இங்கேயே இருந்து வேலை செய்தவர் தயா சோமசுந்தரம். 'முறிந்த பனை' நூலை எழுதிய நால்வரில் ஒருவர். 1993இல் அவர் தமிழில் எழுதிய நூலுக்கு 'மனவடு' என்று பெயர் வைத்தார். புண் ஆறும், வடு நிற்கும் என்பது வள்ளுவரைப் படித்த எவருக்கும் தெரிந்த வேறுபாடு. "ட்ரோமா" என்று ஆங்கிலத்தில் வந்த ஒரு மருத்துவக் கருத்து அந்த ஒரு சொல்லால் நம் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிட்டது. பின்னர் அவரும் மருத்துவர் சிவயோகனும் சேர்ந்து, தமிழ்ச் சமூகத்தின் உளநலம் பற்றிக் களத்தில் வேலை செய்கிறவர்களுக்கென்றே எழுதினார்கள்.

இந்தியப் படை வந்து இறங்கிய அதே 1987இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கியது சாந்திகம் என்ற உளநல அமைப்பு. ஒரு மருத்துவரால் எத்தனை பேரைப் பார்க்க முடியும்? எனவே ஆசிரியர்களையும் கிராமத்தில் வேலை செய்கிறவர்களையும் பயிற்றுவித்தார்கள். மனதை ஆற்றும் பயிற்சிகளை வெளியே தேடவில்லை. சைவர் ஒருவருக்கு "ஓம்" என்றோ "நமசிவாய" என்றோ மூச்சோடு சேர்த்து உருப்போடுவது சிறு வயதிலிருந்தே பழக்கம். கத்தோலிக்கருக்குச் செபமாலை உண்டு, முஸ்லிமுக்குத் திக்ரு உண்டு. அவரவர் வாயில் ஏற்கெனவே இருந்ததையே மூச்சுப் பயிற்சிக்கும் தளர்வுப் பயிற்சிக்கும் கருவியாக்கினார்கள். உலகம் இதற்கு இன்று பண்பாட்டுக்கு இசைந்த சிகிச்சை என்று பெரிய பெயர் வைத்திருக்கிறது. இங்கே அது செல்லடிக்கு நடுவில், கையில் வேறொன்றும் இல்லாதபோது பிறந்தது.

அந்த நாட்களின் பெரிய கொடை என்று நான் நினைப்பது ஒரு சொல்லை. தமிழ்நாட்டில் "மனநல ஆலோசனை" என்கிறார்கள். நாம் "உளவளத்துணை" என்கிறோம். ஆலோசனைக்கு யாழ்ப்பாணத்தில் பஞ்சமே இல்லை. செத்தவீட்டுக்குப் போனாலும் நாலு பேர் புத்திமதி சொல்லித்தான் அனுப்புவார்கள். "மறந்திட்டு இருக்கிற பிள்ளையளைப் பார்" என்று காணாமல் ஆக்கப்பட்டவரின் தாய்க்குச் சொல்லாத ஆள் உண்டா? துணை என்பது பக்கத்தில் இருப்பது. இருட்டில் வளவுக்குப் போகப் பயந்த பிள்ளைக்கு நாம் துணைக்குத்தான் போகிறோம், பேச்சுக் கொடுக்கக்கூடத் தேவையில்லை.

துணைக்குப் போகிறவருக்கு வழி தெரிந்திருக்க வேண்டும். காணாமல் ஆக்கப்பட்டவரின் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். செத்தவருக்கு 31ஆம் நாள் அந்தியேட்டி செய்து, கீரிமலையில் கிரியை முடித்து, வருடா வருடம் திவசம் கொடுப்பது நம் வழக்கம். அழுவதற்கும் அழுகையை அடக்குவதற்கும் சடங்கு நமக்கு நாள் குறித்துத் தந்திருக்கிறது. உடலும் இல்லை, செய்தியும் இல்லை என்றால் எந்த நாளில் தொடங்குவது? கிரியை செய்தால் பிள்ளையைத் தானே கொன்றதாகத் தாய் எண்ணுகிறாள். மனைவி பொட்டு வைத்தால் ஊர் ஒன்று சொல்லும், அழித்தால் மாமியார் அழுவார். அமெரிக்க அறிஞர் பாலின் பாஸ் இத்தகைய இழப்புக்கு, தெளிவில்லாத இழப்பு என்று பெயர் சொல்லி ஆராய்ந்திருக்கிறார். முடிவு தெரியாத துயரத்தை முடித்துவைக்க முயலாமல், அதோடு வாழப் பழக்குவதுதான் வேலை என்பது அவர் வாதம். சரியான வாதம். ஆனால் ஆடி அமாவாசை அன்று அந்தத் தாய் கீரிமலைக்குப் போகலாமா விடலாமா என்று தவிக்கும்போது அது ஏன் என்று விளங்க, எதிரே இருப்பவருக்குக் கீரிமலை தெரிந்திருக்க வேண்டும்.

இனி, சொல்லக் கூச்சமான ஒன்று. தமிழில் பேசிவிட்டால் மொழிப் பிரச்சினை தீர்ந்தது என்று நாம் நினைக்கிறோம். சில வருடங்களுக்கு முன்னர் ஓர் அலுவலக வாங்கில் காத்திருந்தேன். எனக்கு முன்னே இரண்டு பேர். வங்கியில் வேலை செய்யும் இளைஞர் உள்ளே போனபோது "இருங்கோ" என்றார் அதிகாரி. அடுத்துப் போனவர் எழுபதைத் தாண்டிய சீவல் தொழிலாளி. அவருக்கு "இரும்" என்று வந்தது. அந்தப் பெரியவர் கதிரையின் நுனியில், எழும்பத் தயாரானவர்போல இருந்தார். கேட்டதற்கெல்லாம் "ஓம் ஐயா" என்று சொல்லிவிட்டு, வந்த விஷயத்தைச் சொல்லாமலே போய்விட்டார். நீ, நீர், நீங்கள் என்று யாழ்ப்பாணத் தமிழில் மூன்று படிகள் இருக்கின்றன. அந்தப் படிகளில் யாரை எங்கே நிறுத்துகிறோம் என்பதைச் சாதியால் ஒடுக்கப்பட்டவர் முதல் வாக்கியத்திலேயே அளந்துவிடுவார். உளவளத்துணை அறையில் அந்த "இரும்" விழுந்தால், அதற்குப் பிறகு எந்தப் பயிற்சியும் எடுபடாது.

போர் முடிந்து பல வருடங்கள் வரை நலன்புரி நிலையங்களிலேயே கிடந்தவர்களில் காணியில்லாத ஒடுக்கப்பட்ட சாதியினரே அதிகம். திரும்பிப்போக அவர்களுக்கு ஒரு துண்டு நிலம் இருக்கவில்லை. அவர்களுடைய நித்திரையின்மைக்குப் போர் ஒரு காரணம், நாம் இன்னொரு காரணம். இதை ஒப்புக்கொள்ளாத துணை, துணையாகாது என்பதே என் முடிவு.

ஒரே மொழி பேசினாலும் நினைவு வேறாகும் என்பதற்கு ஒக்டோபர் 30 என்ற திகதியையும் சொல்ல வேண்டும். 1995இல் அந்த நாளில்தான் யாழ்ப்பாணம் இடம்பெயர்ந்து ஓரிரவில் காலியானது. மழையில், நாவற்குழிப் பாலத்தில், கிழவர்களைச் சைக்கிளில் வைத்து உருட்டிக்கொண்டு நகர்ந்த அந்த ஊர்வலத்தை அனுபவித்தவர்கள் இன்னும் நடு இரவில் அதில் நடந்துகொண்டிருக்கிறார்கள். அதே ஒக்டோபர் 30, ஐந்து வருடங்களுக்கு முன்னர், 1990இல், யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றிய நாள். பலர் புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் பிள்ளைகளை வளர்த்தார்கள். சோனகத்தெருவுக்குத் திரும்பி வந்த ஒரு தாய், உளவளத்துணையாளர் முன்னே வந்து இருக்கிறார் என்று வையுங்கள். இருவருக்கும் தாய்மொழி தமிழ்தான். அந்தத் திகதியைச் சொன்னதும் துணையாளருக்குத் தன் 1995 மட்டும் நினைவுக்கு வந்தால், அந்தத் தாய் தன் கதையை மடித்து வைத்துக்கொண்டு எழும்பிவிடுவார்.

மொழிபெயர்ப்புக்கு வருவோம். 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தால் தமிழும் இந்த நாட்டின் ஆட்சிமொழி ஆயிற்று. ஆனாலும் தமிழர் பலர் சிங்களம் மட்டும் தெரிந்த மருத்துவர் முன்னே போய் நிற்க வேண்டியிருக்கிறது. தமிழ் தெரியாத மருத்துவர்கள் வடக்குக்கு நியமனம் பெற்று வருவதும் உண்டு, அவர்களிலும் மனமுவந்து பழகுகிறவர்கள் இருக்கிறார்கள். தடுப்புக் காவலிலிருந்து வந்த இளைஞன் ஒருவனுக்குச் சிங்களம் விசாரணை அறையின் மொழி. அதே மொழியில் அன்பாகக் கேட்டாலும் அவன் உடம்பு விறைக்கும்.

நல்ல உரைபெயர்ப்பாளர் ஒருவர் இருந்தால் நிலைமை மாறும். நோயாளியும் மருத்துவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும்படி, அவர் சற்றுப் பின்தள்ளிப் பக்கவாட்டில் இருப்பார். நோயாளி "எனக்கு நித்திரை வரேல்லை" என்றால் அவரும் "எனக்கு" என்றே சொல்வார், "அவவுக்கு" என்று மாற்றமாட்டார். "யோசனை" போன்ற ஒரு சொல் வந்தால் நிறுத்தி, இதற்கு இந்த ஊரில் இப்படி ஒரு பொருள் என்று விளக்குவார். கேட்டதை வாசலுக்கு வெளியே கொண்டுபோகமாட்டார். இந்த வேலையைப் பேரப்பிள்ளையிடம் கொடுக்கக் கூடாது. துப்புரவு ஊழியரைக் கூப்பிட்டுச் செய்விக்கவும் கூடாது. பிள்ளைக்கு அது தாங்க முடியாத சுமை, தாய்க்கு அது வாய்ப்பூட்டு. ரொறன்ரோவிலும் லண்டனிலும் உள்ள நம் வாசகர்களுக்கும் இதையே சொல்கிறேன். அங்கே பிள்ளைகள் ஆங்கிலத்தில் எல்லாம் பேசுவார்கள், ஆனால் அம்மாவின் பெருமூச்சுக்கு அவர்களிடம் சொல் இல்லை. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், கேட்பதில் வெட்கம் இல்லை.

நோயாளியின் மொழிக்கு மருத்துவம் இறங்கி வருவது இந்த மண்ணுக்குப் புதிதும் இல்லை. 1847இல் இங்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் இருந்துகொண்டு நம் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே மேல்நாட்டு மருத்துவம் கற்பித்தார். உடற்கூற்றையும் பிரசவ வைத்தியத்தையும் இரண வைத்தியத்தையும் தமிழ் நூல்களாக்கினார், சொல் இல்லாத இடத்தில் சொல் செய்தார். எலும்புக்கும் நரம்புக்கும் அன்றைக்கே தமிழில் சொல் தேடினார்கள். மனதுக்குத் தேடும் வேலை இன்னும் முடியவில்லை.

கடிதம் எழுதிய மகளுக்கு நான் பதில் எழுதினேன். பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருக்கிறார், தமிழில் பேசலாம், காசு இல்லை. ஆதார வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது. அவசரமென்றால் 1926 என்ற இலக்கத்துக்கு ரெலிபோன் எடுக்கலாம். அம்மாவோடு போகும்போது நீங்கள் வாசலில் இருங்கள், அம்மா தனியே உள்ளே போகட்டும் என்றும் எழுதினேன். அவர் திரும்ப எழுதியிருக்கிறார். உள்ளே இருந்த பெண் முதலில் கேட்டது, "என்ன யோசனை, அம்மா?" என்றுதானாம். அம்மா வெளியே வர ஒன்றேகால் மணி நேரம் ஆனதாம்.

வாசகர்களிடம் ஒன்று கேட்கிறேன். மனம் நொந்துபோவதற்கு உங்கள் வீட்டில், உங்கள் ஊரில் என்ன சொல்லுவீர்கள்? மயிலிட்டிக் கரையில் ஒரு சொல் இருக்கும், தீவுப்பகுதியில் ஒன்று, சோனகத்தெருவில் ஒன்று, வன்னியில் குடியேறிய மலையகக் குடும்பங்களில் ஒன்று. அந்தச் சொல்லையும், அதை யார் எப்போது சொல்லுவார்கள் என்பதையும் எழுதி அனுப்புங்கள். தொகுத்து அச்சிட்டு, குடாநாட்டில் வேலை செய்யும் உளவளத்துணையாளர்கள் கையில் கொடுப்போம். தபாலட்டை போதும். பெயர் போடத் தேவையில்லை.

அன்புடன்,
ஆசிரியர்