கொட்டகையில் கிடந்த குண்டு

தலைப்பைப் பார்த்துவிட்டு நேயர்கள் யாரும் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓட வேண்டாம். நான் குறிப்பிடும் குண்டு, இரண்டு சக்கரமும் ஒரு கைப்பிடியும் உள்ள குண்டு. 'புல்லட்' என்று ஊர் ஜனங்கள் சொல்லும் மோட்டார் ஸைக்கிள்தான் அது. துப்பாக்கிக் குண்டின் பெயரை அதற்கு 1932-ம் வருஷத்திலேயே இங்கிலாந்து தேசத்தில் சூட்டிவிட்டார்கள். தமிழில் 'குண்டு' என்றால் வேறோர் அர்த்தமும் உண்டல்லவா? சாய்ந்து நிற்கும் அந்த வண்டியைத் தனி ஆளாக நிமிர்த்த முயன்றவர்கள், இரண்டாவது அர்த்தமே பொருத்தமானது என்று பெருமூச்சுடன் ஒப்புக்கொள்வார்கள்.

திருச்சியிலிருந்து நேயர் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய தகப்பனார் விட்டுச் சென்ற புல்லட் ஒன்று மாட்டுக் கொட்டகையில் கிடக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமைகளில் தாமே வீட்டில் அதைப் பிரித்துப் பார்க்க ஆசைப்படுகிறார். "அதைப் பழையபடி புதிதாக்க வேண்டும். எங்கே ஆரம்பிக்கலாம்?" என்று கேட்கிறார்.

நல்ல கேள்விதான். ஆனால் "பழையபடி புதிதாக்க வேண்டும்" என்ற மூன்று வார்த்தைகளுக்குள்ளே எவ்வளவு பெரிய வில்லங்கம் ஒளிந்து கொண்டிருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. எனக்கும் ஒரு காலத்தில் தெரியாமல்தான் இருந்தது. தெரிந்துகொள்வதற்கு நான் கொடுத்த விலையைப் பிற்பாடு சொல்கிறேன்.

முதலில் வண்டியின் பூர்வோத்தரத்தைச் சிறிது சொல்லிவிட வேண்டும். இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் ராயல் என்பீல்டு கம்பெனியார் இந்த வண்டியைச் செய்து வந்தார்கள். 1955-ம் வருஷத்தில் அவர்களும் சென்னை மெட்ராஸ் மோட்டார்ஸ் கம்பெனியாரும் கூட்டுச் சேர்ந்து 'என்பீல்டு இந்தியா' என்ற ஸ்தாபனத்தை ஏற்படுத்தினார்கள். திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. ஆரம்பத்தில் உறுப்புக்களெல்லாம் கப்பலில் வந்து இறங்கும். நம்மவர்கள் அவற்றைப் பூட்டி வண்டியாக்குவார்கள். சில வருஷங்களுக்குள் வார்ப்பதும் கடைவதும் எல்லாம் இங்கேயே என்று ஆயிற்று. அங்கே ரெட்டிச் தொழிற்சாலை 1967-ல் மூடப்பட்டது. 1970-ல் இங்கிலாந்துக் கம்பெனியே கண்ணை மூடிவிட்டது. பிறகு நடந்ததுதான் வேடிக்கை. 1977-ல் திருவொற்றியூரில் செய்த புல்லட்டுகள் கப்பலேறி இங்கிலாந்துக்கே விற்பனைக்குச் சென்றன! சிஷ்யன் குருவின் வீட்டுக்கே போய்ப் பாடம் சொன்ன கதைதான்.

70 மில்லிமீட்டர் வாயகலமும் 90 மில்லிமீட்டர் ஓட்டமும் உள்ள அதே 346 ஸி.ஸி. வார்ப்பிரும்பு இஞ்சின், சிற்சில மாறுதல்களுடன் 2010-ம் வருஷம் வாக்கில்தான் ஓய்வு பெற்றது. ஆகையால் ஐம்பது வருஷத்து வண்டிக்கும் உறுப்புக் கிடைக்கிறது. வீட்டுக் கொட்டகையில் பழைய வண்டியைப் பழுது பார்க்க விரும்புகிறவனுக்கு இதைவிடப் பெரிய பாக்கியம் வேறு வேண்டியதில்லை.

இனி என் கதை. என் சிற்றப்பா செங்கற்பட்டுப் பக்கத்தில் வைத்தியம் பார்த்து வந்தார். 1969-ல் புல்லட் வாங்கினார். ஏரிக்கரை, வரப்பு, செம்மண் சாலை என்ற பேதமில்லாமல் அதன் மேல் போய் வந்தார். 1998-ல் அவர் காலமானதும் வண்டி கொட்டகைக்குள் போயிற்று. 2020-ம் வருஷத்தில் கொள்ளை நோயின் காரணமாகத் தேசமே கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தபோது, எனக்கும் வேறு வேலை இல்லாமற் போகவே, கொட்டகையைத் திறந்தேன்.

இஞ்சின் இறுகிப் போயிருந்தது. கிக்கரில் ஏறி நின்றால் வண்டி அசையவில்லை, நான்தான் அசைந்தேன். இம்மாதிரி சமயத்தில் பலத்தைப் பிரயோகிக்கிறவன் பிஸ்டனை உடைப்பான். பொறுமையைப் பிரயோகிக்க வேண்டும். பிளக்கைக் கழற்றி, அந்தத் துவாரத்தின் வழியாக மண்ணெண்ணெயும் இஞ்சின் எண்ணெயும் கலந்து ஊற்றினேன். தினம் காலையில் பின்சக்கரத்தை, கியரில் போட்டு, முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டிப் பார்த்தேன். ஒன்பதாம் நாள் ஒரு விரற்கடை நகர்ந்தது. அன்று எங்கள் வீட்டில் பாயஸம்.

பிறகு ஸ்பானர் விவகாரம். கையில் கிடைத்த மில்லிமீட்டர் ஸ்பானரைப் போட்டுத் திருகி இரண்டு நட்டுகளின் மூலைகளை மழுங்க அடித்த பிறகுதான், இந்தப் பழைய வண்டிகளில் பெரும்பாலான திருகுகள் விட்வொர்த் என்ற இங்கிலீஷ்காரரின் வழிவந்த பழைய பிரிட்டிஷ் அளவுகளைச் சேர்ந்தவை என்று அறிந்தேன். 1841-ல் அவர் வகுத்த முறை அது. அந்த ஸ்பானரில் கால் இஞ்சு என்று பொறித்திருந்தால், அதன் வாய் கால் இஞ்சு அகலம் என்று எண்ணிவிடாதீர்கள். அது போல்ட்டின் தண்டுக்குச் சொன்ன அளவு. வாயோ அதைவிட வெகு அகலம். புதுப்பேட்டையில் ஒரு கிழவரின் கடையில் அந்த ஸ்பானர்கள் ஒரு கட்டு அகப்பட்டன. "ஸார்! வண்டியை முழுக்கப் பிரிச்சுட்டு வந்து நிக்காதீங்க. எதைக் கழட்டுறீங்களோ அதைத் துடைச்சு, பார்த்து, அப்புறம் அடுத்ததைத் தொடுங்க" என்று ஒரு உபதேசத்தையும் இலவசமாகக் கொடுத்தார். ஸ்பானரைவிட உபதேசமே அதிகம் உபயோகப்பட்டது.

உண்மையில் அந்த வண்டிக்கு வேண்டியிருந்தது மிகச் சொற்பம். கார்புரேட்டரில் இருபது வருஷத்துப் பெட்ரோல் பிசினாக உறைந்திருந்தது. அதிலுள்ள ஜெட்டுகளின் துவாரங்கள் மயிரிழை போன்றவை. கம்பியை விட்டுக் குத்தினால் துவாரம் பெரிதாகிப் பெட்ரோல் செலவும் பெரிதாகும். ஆகையால் ஊற வைத்து ஊதினேன். பிளாட்டினம் பாயிண்டுகளைத் தேய்த்து, இஞ்சில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு இடைவெளி விட்டேன். சிலிண்டர் மேலே கொஞ்சம் துருப் பிடித்திருந்ததே தவிரக் கீறல் இல்லை. லேத் பட்டறைக்காரர் அதைக் கடைந்து பெரிய பிஸ்டன் போட்டுவிடலாம் என்றார். நான் ரிங்குகளை மட்டும் மாற்றினேன். வால்வுகளைத் தூக்கும் தண்டுகளை, இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, விரலால் சுழற்றினால் சுழல வேண்டும், மேலும் கீழும் மட்டும் ஆடக்கூடாது என்ற அளவில் வைத்தேன். பிரேக்கைத் திறந்தபோது உள்ளே இருந்த தூசியை வாயால் ஊதப் போனவனை, நல்ல வேளையாக, ஒரு ஞாபகம் தடுத்தது. பழைய பிரேக் கட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு; அந்தத் தூசி நுரையீரலுக்கு எமன். ஈரத் துணியால் துடைத்து எறிய வேண்டும்.

இவ்வளவுடன் நிறுத்தியிருந்தால் நான் புத்திசாலி என்று பெயர் எடுத்திருப்பேன்.

பெட்ரோல் டாங்கியைப் பார்த்தேன். இரண்டு பக்கமும், சிற்றப்பாவின் முழங்கால் படும் இடத்தில், கறுப்பு வர்ணம் தேய்ந்து உள்ளேயிருந்த தகரம் தெரிந்தது. வலது பக்கத்தில் மருந்துப் பையின் பித்தளைப் பூட்டு வருஷக் கணக்காக மோதி மோதி ஒரு சிறு பள்ளம். ஓரத்தில் திருவொற்றியூர்த் தொழிலாளி ஒருவர் தூரிகை பிடித்துக் கையாலேயே இழுத்த பொன்னிறக் கோடு, ஓரிடத்தில் மட்டும் நூலளவு நடுங்கியிருந்தது. எனக்கு இவையெல்லாம் குறைகளாகத் தோன்றின. டாங்கியைக் கழற்றி வர்ணக்காரரிடம் கொடுத்தேன். அவர் தம் தொழிலில் சமர்த்தர். அவர் பேரில் ஒரு குற்றமும் இல்லை. பள்ளத்தை நிரப்பி, பழைய வர்ணத்தை அடியோடு சுரண்டி, கண்ணாடி போல் பளபளக்கச் செய்து, கோட்டுக்குப் பதில் கோடு போன்ற ஒரு காகிதத்தை ஒட்டிக் கொடுத்தார். கல்யாண மாப்பிள்ளை போல் இருந்தது.

சித்தியை அழைத்துக்கொண்டு வந்து காட்டினேன். எண்பது வயதான அந்த அம்மாள் வண்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்தாள். டாங்கியின் வலது பக்கத்தில் கையை வைத்து மெதுவாகத் தடவினாள். அங்கே ஒன்றும் இல்லை, வழவழவென்று இருந்தது. "ஏண்டா அப்பா, இது யாருடைய வண்டி?" என்று கேட்டாள்.

நான் பதில் சொல்லவில்லை. சுரண்டிப் போட்ட வர்ணத்தை எந்த வர்ணக்காரரும் திரும்ப ஒட்டித் தர முடியாது.

மறு வருஷம், 2021-ல், மத்திய சர்க்கார் பழம் வண்டிகளுக்கென்று தனி விதிகள் பிரசுரித்தார்கள். முதல் தடவை ரிஜிஸ்தர் செய்து ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆன வண்டிகளுக்கு, 'வி.ஏ.' என்ற எழுத்துக்களுடன் தனி நம்பர் உண்டு. புதிதாக ரிஜிஸ்தர் செய்ய இருபதினாயிரம் ரூபாய். பத்து வருஷம் செல்லும். தினசரி உத்தியோகத்துக்குப் போகவும் வாடகைக்கு விடவும் கூடாது. கண்காட்சி, ஊர்வலம், பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்றவற்றுக்கு ஓட்டலாம். இதில் என் கண்ணைக் குத்திய வாசகம் ஒன்று உண்டு. வண்டி அதன் அசல் உருவில் இருக்கவேண்டுமாம். சட்டம், மேற்கூடு, இஞ்சின் இவற்றில் பெரிய மாறுதல் செய்திருக்கக் கூடாதாம். சர்க்கார் விதிகளைப் படித்து நான் வெட்கப்பட்டது அதுவே முதல் தடவை. வர்ணம் பூசியதற்காக விதி என்னைத் தண்டிக்கவில்லை என்றாலும், சித்தி கேட்டதைத்தான் சர்க்காரும் வேறு பாஷையில் கேட்கிறார்கள் என்று தோன்றிற்று.

இந்தச் சமயத்தில் என் மருமான் ஒருவன் கையில் ரம்பத்துடன் பிரவேசித்தான். அவனுக்கு வண்டியை 'கபே ரேஸர்' ஆக்க வேண்டுமாம். 1950, 1960-களில் லண்டன் பக்கத்து வாலிபர்கள் காப்பிக் கடைக்குக் காப்பிக் கடை பறப்பதற்காகக் கைப்பிடியைத் தாழ்த்தி, ஆசனத்தைக் குறுக்கி, வேண்டாத தகரத்தையெல்லாம் கழற்றி எறிந்த வண்டிகளுக்கு அந்தப் பெயர். பார்க்க அழகாகத்தான் இருக்கும், நான் மறுக்கவில்லை. ஒரு பழைய இயந்திரத்தைத் தன் கற்பனைக்கு ஏற்ப மாற்றுகிறவனும் கலைஞன்தான். ஆனால் அவனுக்கு நான் ஒரு எல்லை வகுத்தேன். ஸ்பானரால் செய்யக்கூடியது எதையும் செய்யலாம்; ரம்பத்தால் செய்ய வேண்டியது எதையும் செய்யக்கூடாது. கைப்பிடியை மாற்று, பழைய கைப்பிடியை எண்ணெய் தடவிக் காகிதத்தில் சுற்றிப் பரண் மேல் வை. ஆசனத்தை மாற்று, பழையதைப் பத்திரப்படுத்து. பின் சட்டத்தை அறுத்தாயானால், பிறகு உன் பேரனுக்கு மனம் மாறினாலும் ஒன்றும் செய்வதற்கில்லை. போதாததற்கு, தயாரித்தவர் கொடுத்த அமைப்புக்கு விரோதமாக வண்டியை மாற்றுவதை 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. சுப்ரீம் கோர்ட்டாரும் 2019-ல் அதை வற்புறுத்தித் தீர்ப்புச் செய்திருக்கிறார்கள். சப்தம் பெரிதாக வேண்டும் என்று சைலன்ஸரைக் குடைகிறவர்களைப் பற்றி நான் பேசப் போவதில்லை. அவர்களுடைய பக்கத்து வீட்டுக்காரர்கள் பேசிக்கொள்வார்கள். மருமான் ரம்பத்தை வைத்துவிட்டான். கைப்பிடி விஷயம் இன்னும் பேச்சு வார்த்தையில் இருக்கிறது.

திருச்சி நேயருக்கு ஆரம்பம் எங்கே என்று நான் இன்னும் சொல்லவில்லை. கொட்டகையிலிருந்து வண்டியை வெளியே எடுக்கும் முன்பே நாலு பக்கமும் போட்டோ எடுத்துக் கொள்ளுங்கள். ஆர்.ஸி. புஸ்தகத்தைத் தேடி, அதிலுள்ள நம்பர்களும் இஞ்சினிலும் சட்டத்திலும் பொறித்த நம்பர்களும் ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். அந்த நம்பர்களின் மேல் அரமோ உப்புக் காகிதமோ படவே கூடாது. டாங்கியில் ஓட்டை இருந்தால், பெட்ரோல் இல்லாத காலி டாங்கிதானே என்று வெல்டிங் பட்டறைக்கு அப்படியே அனுப்பிவிடாதீர்கள். உள்ளே தங்கிய ஆவி போதும், நிஜக் குண்டாக வெடிப்பதற்கு. தகப்பனாரின் வர்ணத்தை மட்டும் வெதுவெதுப்பான தண்ணீரும் மெல்லிய துணியும் கொண்டு துடைத்துவிட்டு, ஒரு மாதம் சும்மா பார்த்துக் கொண்டிருங்கள்.

என் வண்டி கிளம்பிய தினத்தையும் சொல்லி முடிக்கிறேன். சாவியைத் திருப்பி, அமுக்கத்தைத் தளர்த்தும் சிறு பிடியை இழுத்துக்கொண்டு, பிஸ்டன் உச்சியைச் சிறிது தாண்டும் வரையில் கிக்கரை மெதுவாக இறக்கி, பிடியை விட்டு, ஒரே மிதி. இது சாஸ்திரம். நான் சாஸ்திரப்படி பதினேழு தடவை மிதித்தேன். பதினெட்டாவது தடவை பிடித்துக்கொண்டது. சைலன்ஸர் மட்டும் 1969-ம் வருஷத்தது. அதை மாற்ற எனக்குக் கையில் பணம் இல்லாமற் போயிருந்தது.

சித்தி அப்போது கூடத்தில் பூத்தொடுத்துக் கொண்டிருந்தாள். நான் வாசலை விட்டுத் தெருக்கோடி வரையில் ஒரு சுற்றுப் போய்த் திரும்பி வந்து இஞ்சினை நிறுத்தியபோது, கூடத்தில் பூவும் நாரும் அப்படியே கிடந்தன. சமையலறையில் அடுப்பு மூட்டியிருந்தது. "என்ன சித்தி?" என்றேன்.

"வெந்நீர் வைக்கிறேன். அவர் வெளியூர்ப் போய் வந்தால் முதலில் கேட்பது அதைத்தானே?" என்றாள்.