ஊசி போடும் அறையில் கேமரா எதற்கு? – கண்டன அறிக்கை

பாதுகாப்பு என்ற பெயரில் பரிசோதனை அறையிலும் ஊசி போடும் அறையிலும் கண்காணிப்புக் கேமரா பொருத்தும் மருத்துவமனை நிர்வாகங்களை, புதுக்கோட்டை மாவட்டத்தில் செவிலியர்களும் மருத்துவமனை ஊழியர்களும் சேர்ந்திருக்கிற எங்கள் சங்கம் வன்மையாகக் கண்டிக்கிறது.

குஜராத் மாநிலம் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையில் நடந்த கொடுமையை நாடே அறியும். அங்கே பரிசோதனைக்கும் ஊசிக்கும் வந்த பெண்களின் சிசிடிவி காட்சிகள் 2025 பிப்ரவரியில் யூடியூபில் வெளிவந்தன. அது வெறும் தூண்டில். முழுக் காட்சியையும் டெலிகிராம் குழுவில் காசுக்கு விற்றார்கள். அகமதாபாத் சைபர் கிரைம் போலீசார் துப்புத் துலக்கியபோது மகாராஷ்டிரத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் ஆட்கள் சிக்கினார்கள். நாட்டின் பல பக்கங்களிலிருந்தும் திருடிய சுமார் 50,000 வீடியோக்கள் கிடைத்ததாகப் போலீசார் சொன்னார்கள். இதற்குப் பெரிய வித்தை எதுவும் தேவைப்படவில்லை. கேமராவோடு வந்த ‘அட்மின்123’ மாதிரியான பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டிருந்தார்கள், அதுவே போதுமானதாக இருந்தது. இன்னொன்றும் மனதை அறுக்கிறது. பெயர் வெளியே வந்துவிடுமோ என்ற பயத்தில் பாதிக்கப்பட்ட பெண்கள் யாரும் புகார் தர முன்வரவில்லை. கடைசியில் போலீஸ் அதிகாரி ஒருவரே புகார் கொடுத்துத்தான் வழக்குப் பதிவானது.

ராஜ்கோட் எங்கோ இருக்கிறது என்று நாம் சும்மா இருக்க முடியாது. நம் மாவட்டத்துக் கிளினிக்குகளிலும் ஊசி போடும் அறையில், திரைச்சீலைக் கம்பிக்கு மேலே சுவர் மூலையில் கேமரா தொங்குவதைப் பார்க்கிறோம். திரையை எவ்வளவு இழுத்து மூடினாலும் மேலிருந்து எல்லாம் தெரியும். அதன் மானிட்டர் பில் போடும் மேஜையில், வருகிறவர் போகிறவர் கண்ணில் படும்படி இருக்கும். பாஸ்வேர்டைத் துண்டுச் சீட்டில் எழுதி டிவிஆர் பெட்டியின் மேலேயே ஒட்டியிருப்பார்கள். முதலாளி செல்போனிலும் மேனேஜர் செல்போனிலும் அதே செயலி ஓடும். கேமரா மாட்ட வந்த பையனின் போனிலிருந்து அது நீக்கப்பட்டதா என்று கேட்பார் இல்லை. இடுப்பில் ஊசி போடச் சேலையைத் தளர்த்தும் பாட்டிக்கு மேலே என்ன இருக்கிறது என்று தெரியாது. தெரிந்த எங்களுக்கு அங்கே நிற்கவே கூசுகிறது.

கேமராவே கூடாது என்பவர்கள் அல்ல நாங்கள். 2024 ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர் கொல்லப்பட்டார். அதே ஆண்டு நவம்பர் 13 அன்று கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் பணியில் இருந்த மருத்துவரைக் கத்தியால் குத்தினார்கள். ராத்திரி டியூட்டி பார்க்கிற எங்களுக்கு அந்தப் பயம் நன்றாகவே தெரியும். வாசலில், காத்திருக்கும் கூடத்தில், நடைவழியில், மருந்துக் கடையில், வண்டி நிறுத்துமிடத்தில் கேமரா வையுங்கள். பழுதாகாமல் ஓட விடுங்கள். கொல்கத்தாவில் குற்றவாளியை அடையாளம் காண நடைவழிக் கேமராவும் உதவியது.

“டாக்டர் தப்பாக நடந்தார் என்று நாளைக்கு யாராவது சொன்னால் ஆதாரம் வேண்டாமா?” என்று நிர்வாகங்கள் கேட்கின்றன. ஆண் மருத்துவர் ஒரு பெண்ணின் உடலைப் பரிசோதிக்கும்போது இன்னொரு பெண் உடன் இருக்க வேண்டும் என்பது நோயாளிகளின் உரிமைச் சாசனத்திலேயே இருக்கிறது. நோயாளிக்கும் துணை, மருத்துவருக்கும் சாட்சி. ஒரு செவிலியருக்குச் சம்பளம் கொடுக்க மனமில்லாமல் அந்த இடத்தில் கேமராவை மாட்டிவைப்பதை நாங்கள் ஏற்க மாட்டோம்.

1886இல் இந்தப் புதுக்கோட்டையில் பிறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவர் முயற்சியால் 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. அவர் பிறந்த இந்த மண்ணிலேயே, மார்பில் கட்டி என்று வீட்டில் சொல்லவே மாதக்கணக்கில் தயங்கும் பெண்கள் இன்றைக்கும் உண்டு. மணமேல்குடியிலிருந்தோ விராலிமலையிலிருந்தோ பஸ் ஏறி வந்த பிறகு, அறைக்குள் கேமராவைப் பார்த்துவிட்டால் காட்டாமலே திரும்பிவிடுவார்கள். நோய் முற்றிய பிறகுதான் அவர்களை மறுபடி பார்ப்போம்.

சட்டம் இல்லாமல் இல்லை. ஒருவரின் அந்தரங்க உறுப்புகளை அவர் சம்மதமின்றிப் படம் பிடிப்பதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாதம் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அதுவரை எங்கள் நோயாளிகள் காத்திருக்க வேண்டுமா?

மாவட்ட ஆட்சியரும் மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநரும் உடனே நடவடிக்கை எடுக்கக் கோருகிறோம். பரிசோதனை, ஊசி, ஸ்கேன், பிரசவ அறைகளிலும் ஊழியர் உடை மாற்றும் அறைகளிலும் உள்ள கேமராக்களைக் கழற்ற வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவில் நோயாளியைக் கவனிக்கக் கேமரா அவசியமானால், செவிலியர் மேஜையில் நேரலையாக மட்டும் தெரியட்டும், பதிவாக வேண்டாம். கேமரா உள்ள இடங்களில் தமிழில் பலகை வைக்க வேண்டும். பதிவை யார் பார்க்கலாம், எத்தனை நாளில் அழிப்பார்கள் என்பதும் அதில் இருக்க வேண்டும். பதிவு உரிமம் புதுப்பிக்க வரும் மருத்துவமனைகளில் இதையும் சோதித்த பிறகே கையெழுத்திடுங்கள்.

பொதுமக்களுக்கு ஒரு வேண்டுகோள். அறைக்குள் போனதும் மேலே ஒரு முறை பாருங்கள். கேமரா இருந்தால், வேறு அறை வேண்டும் என்று கேளுங்கள்; அது உங்கள் உரிமை. மறுத்தால் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுங்கள். மனு எழுதவும், கூட வந்து நிற்கவும் நாங்கள் தயார்.

இப்படிக்கு,
மாவட்டக் குழு,
புதுக்கோட்டை.